சூட்டை மாற்றாமல் கதிர்வீச்சை மாற்றுவது

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கடைசித் தளத்தில் வசிப்பவர்களுக்கு மே மாத இரவுகள் எப்படிக் கழிகின்றன என்று சொல்லத் தேவையில்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் உடலுக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. காற்று சூடாகவும் புழுக்கமாகவும் இருப்பது ஒரு காரணம். பலரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத மற்றொரு காரணம், பகல் முழுவதும் வெயில் வாங்கிய கான்கிரீட் கூரை, விடியும் வரை நம்மை நோக்கி வெப்பக் கதிர்களை அனுப்பிக்கொண்டே இருப்பது. கூரையின் அடிப்பரப்பு 40 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 540 வாட் கதிர்வீச்சு வெளியேறும். 34 டிகிரியில் இருக்கும் நம் தோல் அதே பரப்புக்கு ஏறத்தாழ 500 வாட் உமிழும். இரண்டையும் முழுமையான உமிழிகளாகக் கொண்டு போடும் கணக்கு இது. ஆக, உடல் தன் சூட்டை இழக்க வேண்டிய நேரத்தில், சதுர மீட்டருக்கு நாற்பது வாட் அளவுக்குக் கூடுதலாக வாங்கிக்கொண்டிருக்கிறது. காற்றை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் இந்த வரவு நிற்காது, ஏனெனில் கதிர்வீச்சுக்குக் காற்று தேவையில்லை.

ஒரு பரப்பு எவ்வளவு வெப்பக் கதிர்களை உமிழும் என்பதை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அதன் வெப்பநிலை. தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவில் சொல்லப்படும் வெப்பநிலையின்) நான்காம் மடிக்கு ஏற்ப உமிழ்வு கூடும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி. மற்றொன்று, உமிழ்திறன், அதே வெப்பநிலையில் உள்ள கரும்பொருள் (முழுமையாக உறிஞ்சி முழுமையாக உமிழும் கற்பனைப் பொருள்) உமிழ்வதில் எத்தனை பங்கை இந்தப் பரப்பு உமிழ்கிறது என்று சொல்லும், பூஜ்யத்திலிருந்து ஒன்று வரையிலான எண். நாம் கல்லூரியில் படித்தபோது வெப்பநிலையே மாறக்கூடியதாகவும், உமிழ்திறன் அட்டவணையில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டிய மாறாத எண்ணாகவும் இருந்தன. செம்புக்கு இவ்வளவு, செங்கல்லுக்கு இவ்வளவு என்பதோடு பாடம் முடிந்துவிடும். கடந்த இருபது ஆண்டுகளில் நானோ அளவிலான கட்டமைப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள் இந்த எண்ணையே நம் கைக்குள் கொண்டுவந்திருக்கின்றன. ஒரு பரப்பின் சூட்டை மாற்றாமலேயே, ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, அது உமிழும் கதிர்வீச்சைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. வெப்பக் கதிர்வீச்சைப் பற்றி என் தலைமுறை அறிந்தவற்றிலேயே மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்த எண்ணோடு எனக்குத் தினசரிப் பழக்கம் உண்டு. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் மின் பேனல்களைத் தெர்மல் கேமரா கொண்டு பரிசோதிப்பது என் வேலை. பஸ்பார் எனப்படும் மின்கடத்தும் உலோகப் பட்டையில் எங்கே லூஸ் காண்டாக்ட் இருக்கிறது, எந்தக் கேபிளின் இணைப்பு முனை சூடேறிக்கொண்டிருக்கிறது என்பதைப் பேனலைத் தொடாமல் கண்டறிய வேண்டும். இந்தத் தொழிலில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கேமராவை அல்ல, ஓர் எவர்சில்வர் டம்ளரை. அதில் கொதிநீரை ஊற்றி, கேமராவைத் திருப்பினால், திரையில் தெரியும் எண் அறையின் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். போதாக்குறைக்கு, கேமராவைப் பிடித்திருப்பவரின் முகமே டம்ளரின் வளைவில் மங்கலான ஒளித்திட்டாகத் தெரியும். அதே டம்ளரில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டை வெட்டி ஒட்டிவிட்டு மறுபடியும் பார்த்தால், டேப் இருக்கும் இடம் மட்டும் எரிவதுபோல் பளிச்சென்று தெரியும். டம்ளரும் டேப்பும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. பளபளப்பான உலோகம் தன் சூட்டை உமிழாமல் சுற்றுப்புறத்தின் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. டேப் தன் சூட்டை ஏறத்தாழ முழுமையாக உமிழ்கிறது. கேமரா வெப்பநிலையை அளப்பதில்லை, வந்து சேரும் கதிர்களை அளந்து, நாம் கொடுத்த உமிழ்திறனை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது என்பது இந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

டேப்பை ஒட்டுவதற்கும் உரிப்பதற்கும் பதிலாக, டம்ளரின் பரப்பே ஒரு கட்டளைக்கு ஏற்ப உலோகம்போலவும் டேப் போலவும் மாறினால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி.

அதற்கு நானோ அளவு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு பொருளின் கதிர்வீச்சு 9.6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சம் பெறுகிறது. அந்த அலைநீளத்துக்கு ஒப்பான அளவிலோ, அதைவிடப் பல மடங்கு சிறியதாகவோ பரப்பில் பள்ளங்களையும் அடுக்குகளையும் அமைத்தால், அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறவும் அழியவும் செய்யும். எந்த அலைநீளம் உறிஞ்சப்படும், எது திரும்பும் என்பதை அந்த அமைப்பே முடிவு செய்யும். ஓர் அலைநீளத்தில் நன்றாக உறிஞ்சும் பரப்பு அதே அலைநீளத்தில் நன்றாக உமிழவும் செய்யும் என்பது கிர்க்காஃப் 1860-இல் வெளியிட்ட விதி. ஆகவே உறிஞ்சுதலை வடிவமைத்தால் உமிழ்வையும் வடிவமைத்ததாகிவிடும். 2002-இல் பிரான்சின் ழான்-ழாக் கிரெஃபே குழுவினர் சிலிக்கன் கார்பைடின் மேல் சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் கோடுகளைச் செதுக்கிச் சூடாக்கியபோது, வெப்பக் கதிர்கள் எல்லாத் திசைகளிலும் சிதறாமல், வானொலி ஆன்டெனாவிலிருந்து வருவதுபோல் குறிப்பிட்ட திசையில் குவிந்து வெளிப்பட்டன. சூடான பொருளின் கதிர்வீச்சு ஒழுங்கற்றது என்று எழுதிப் பழகிய நமக்கு அந்த முடிவு ஒரு பெரிய திருப்பம்.

2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுயி ஃபேனும் அவர்களுடைய சகாக்களும் ஹாஃப்னியம் டைஆக்சைடையும் சிலிக்கன் டைஆக்சைடையும் மாற்றி மாற்றி ஏழு அடுக்குகளாக வெள்ளிப் படலத்தின் மேல் படியவைத்தார்கள். அந்தத் தகடு சூரிய ஒளியில் 97 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியது. அதேசமயம் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் வானத்தை நோக்கி நன்றாக உமிழ்ந்தது. இந்த அலைநீளப் பகுதியில் வளிமண்டலம் பெருமளவு ஒளிபுகும் தன்மை கொண்டது என்பதால், கதிர்கள் காற்றில் சிக்காமல் விண்வெளிக்குப் போய்விடுகின்றன. நேரடி வெயிலில் வைக்கப்பட்டிருந்தும் அந்தத் தகடு சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ச்சியாக இருந்தது. மின்சாரம் எதுவும் செலவாகவில்லை. ஆனால் அதன் உமிழ்திறன் நிலையானது. குளிர்காலத்திலும் அது குளிர்வித்துக்கொண்டேதான் இருக்கும்.

மாறும் உமிழ்திறனுக்கு ஆய்வாளர்கள் முதலில் நாடிய பொருள் வனேடியம் டைஆக்சைடு. 1959-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மோரின் என்பவர் இதன் விசித்திரமான குணத்தைப் பதிவு செய்தார். ஏறத்தாழ 68 டிகிரிக்குக் கீழே இது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதைத் தாண்டியதும் உலோகம்போல் கடத்தத் தொடங்கும். குளிர்ந்த நிலையில் படிகத்துக்குள் வனேடியம் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து எலக்ட்ரான்களைக் கட்டிவைத்திருக்கின்றன. சூடேறியதும் அந்த இணைப்பு விலகி எலக்ட்ரான்கள் நடமாடத் தொடங்குகின்றன. நடமாடும் எலக்ட்ரான்கள்தான் அகச்சிவப்பு ஒளியை, அதாவது கண்ணுக்குத் தெரியாத இந்த வெப்பக் கதிர்களை, எதிர்கொள்ளும் விதத்தைத் தீர்மானிக்கின்றன என்பதால், உமிழ்திறனும் அந்தக் கணமே மாறிவிடுகிறது. 2013-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் நீலக்கல் தகட்டின் மேல் 150 நானோமீட்டர் தடிப்பில் இந்தப் படலத்தைப் படியவைத்துச் சூடாக்கினார்கள். நிலைமாற்றத்தை ஒட்டிய ஒரு பகுதியில், சூடு ஏற ஏற அது வெளியிடும் கதிர்வீச்சு குறைந்தது. தெர்மல் கேமராவில் அது சூடேறும்போது குளிர்வதாகத் தெரியும். என் தொழிலில் இருப்பவர் எவருக்கும் இந்த ஒரு செய்தி போதும், இரவு தூக்கம் போய்விடும்.

68 டிகிரி என்பது வீட்டுக்கூரைக்குப் பொருந்தாத அளவு. வனேடியத்தில் ஒன்றிரண்டு விழுக்காட்டை நீக்கி டங்ஸ்டன் அணுக்களை வைத்தால் நிலைமாற்றம் அறை வெப்பநிலைக்கே இறங்கிவிடுகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட பூச்சு இந்த அடிப்படையில் அமைந்தது. வெள்ளிப் படலத்தின் மேல் பேரியம் ஃபுளோரைடு அடுக்கு, அதற்குள் பதிக்கப்பட்ட டங்ஸ்டன் கலந்த வனேடியம் டைஆக்சைடுத் துண்டுகள் என்பது அதன் அமைப்பு. குளிர்ந்திருக்கும்போது அகச்சிவப்புக் கதிர்கள் துண்டுகளை ஊடுருவி, அடியில் உள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பிவிடுகின்றன, உமிழ்திறன் 0.20. சூடேறித் துண்டுகள் உலோகமானதும், அவற்றுக்கும் வெள்ளிக்கும் இடையிலுள்ள இடைவெளி ஓர் ஒத்ததிர்வுக் கூடமாகிக் கதிர்களைச் சிக்கவைத்து உறிஞ்சுகிறது, உமிழ்திறன் 0.90. கோடையில் வானத்துக்குச் சூட்டை அனுப்பும், குளிர்காலத்தில் தேக்கிவைக்கும் கூரை இது. ஆனால் இங்கே முடிவெடுப்பது வெப்பநிலைதான், நாம் அல்ல. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருப்பதுபோல் கதிர்வீச்சுக்கும் ஒன்று வேண்டும் என்றால் மின்சாரத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த வழியில் நான் மிகவும் மதிக்கும் பணி ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சுசுமு நோடா குழுவினர் 2014-இல் வெளியிட்டது. கேலியம் ஆர்சனைடும் அலுமினியம் கேலியம் ஆர்சனைடும் மாறி மாறி வரும் மிக மெல்லிய அடுக்குகளில், எலக்ட்ரான்கள் குவாண்டம் கிணறுகள் எனப்படும் குறுகிய பகுதிகளுக்குள் அடைபட்டிருக்கும். கிணற்றுக்குள் ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்குத் தாவும்போது குறிப்பிட்ட அகச்சிவப்பு அலைநீளத்தை மட்டும் அவை உறிஞ்சும், உமிழும். அந்த அடுக்குகளிலேயே ஒழுங்கான துளைகளையிட்டு, ஒளியின் போக்கைக் கட்டுப்படுத்தும் ஃபோட்டானிக் படிகமாக்கினால், வெளிவரும் அலைநீளம் இன்னும் குறுகிவிடும். இப்போது எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்தால் கிணறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேற்றப்படுகின்றன. உமிழ்வதற்கு எலக்ட்ரான் இல்லாததால் உமிழ்வு சரிகிறது. பொருள் அதே சூட்டில் இருக்க, உமிழ்திறன் 0.74-இலிருந்து 0.24-க்கு இறங்கியது. வினாடிக்கு 6 லட்சம் முறை இப்படி மாற்ற முடிந்தது. ஓர் இழையைச் சூடாக்கியும் ஆறவிட்டும் கதிர்களை விட்டுவிட்டு அனுப்பும் பழைய முறையில் இந்த வேகத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, ஏனெனில் பொருள் ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால், நம் பெட்ரோல் பங்குகளில் வாகனப் புகைப் பரிசோதனை செய்யும் கருவியைக் காட்டலாம். சைலன்சருக்குள் குழாயைச் செருகி உறிஞ்சப்படும் புகை, ஒரு சிறிய அறைக்குள் அகச்சிவப்புக் கதிர்களின் குறுக்கே செலுத்தப்படுகிறது. கார்பன் டைஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டரை ஒட்டி உறிஞ்சும். கார்பன் மோனாக்சைடு வேறோர் அலைநீளத்தில் உறிஞ்சும். குறைந்துபோன ஒளியை வைத்து வாயுவின் அளவு கணக்கிடப்படுகிறது. இத்தகைய கருவிகளில் சூடான இழை எல்லா அலைநீளங்களையும் உமிழ, வடிகட்டி தேவையான ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வீணாக்குகிறது. தேவையான அலைநீளத்தை மட்டும், தேவையான வேகத்தில் உமிழும் ஒரு சில்லு அந்த இடத்தில் அமர்ந்தால், பேட்டரியில் பல மாதங்கள் இயங்கும் வாயு உணரிகள் சாத்தியமாகும். எண்ணூர், மணலி போன்ற தொழிற்பகுதிகளில் தெருவுக்குத் தெரு அவற்றைப் பொருத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

கிராஃபீன் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. கார்பன் அணுக்களின் ஒற்றைத் தளமான அதில், மின்னழுத்தத்தைக் கொண்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை எளிதாகக் கூட்டலாம், குறைக்கலாம். 2018-இல் துருக்கியின் பில்கென்ட் பல்கலைக்கழகத்தில் ஜோஷ்குன் கோஜாபாஷ் குழுவினர் பல அடுக்குக் கிராஃபீனை ஒரு மெல்லிய நுண்துளைச் சவ்வின் மேல் வைத்து, சவ்வில், மின்னூட்டம் கொண்ட அயனிகளால் ஆன அயனித் திரவத்தை ஊறவைத்தார்கள். சில வோல்ட் கொடுத்ததும் அயனிகள் கிராஃபீன் தளங்களுக்கு இடையே புகுந்தன, உமிழ்திறன் 0.8-இலிருந்து 0.3 அளவுக்குக் குறைந்தது. அதைக் கையில் போர்த்திக்கொண்டால், தெர்மல் கேமராவில் கையின் சூடு பின்புலத்தோடு கலந்து மறையும். ராணுவங்கள் இதில் ஆர்வம் காட்டுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத்தால் மாறும் இத்தகைய சாதனங்களுக்குப் பொதுவான ஒரு சிக்கல் மின்வாய், அதாவது மின்னழுத்தத்தைக் கொண்டுசேர்க்கும் கடத்தி அடுக்கு. கைபேசித் திரையில் ஒளிபுகும் மின்வாயாக இருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் விடும். 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பை உலோகம்போல் திருப்பிவிடும். மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்களே அகச்சிவப்பைத் தடுக்கவும் செய்கின்றன என்பதால், நன்றாகக் கடத்தவும் வேண்டும், அகச்சிவப்பை விடவும் வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. கிராஃபீனும் கார்பன் நானோக்குழாய் வலைகளும் இந்த இடத்தில்தான் மதிப்புப் பெறுகின்றன.

சென்னையின் கூரைகளுக்கு இவற்றில் எது பொருந்தும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் கருத்து சிலருக்கு ஏமாற்றம் தரலாம். இந்த நகரத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, 2003 மே 31-இல் 45 டிகிரியைத் தொட்டிருக்கிறோம். குளிர்காலத்துக்காக உமிழ்வைக் குறைக்க வேண்டிய தேவை நமக்கு ஏறத்தாழ இல்லை. பெர்க்லி பூச்சு 22 டிகிரியை ஒட்டி நிலை மாறுவது. சென்னை மொட்டைமாடியில் அது மார்கழி விடியற்காலைகளைத் தவிர எப்போதும் உமிழும் நிலையிலேயே இருக்கும். அத்துடன் அது சூரிய ஒளியில் ஏறத்தாழ கால்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அதைவிடக் குறைவாகவே உறிஞ்சும், விலையும் மிகக் குறைவு. ஆகவே கூரைக்கு வெள்ளைப் பூச்சு போதும், அதைத் தூசியும் பாசியும் படியாமல் ஆண்டுதோறும் பராமரிப்பதுதான் முக்கியம்.

கடற்கரை நகரத்துக்கே உரிய மற்றொரு தடையும் உண்டு. கதிர்கள் விண்வெளிக்குத் தப்பிப்போகும் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அந்தத் திறப்பை நீராவி ஓரளவு மூடிவிடுகிறது. பிற்பகலில் கடல்காற்று உள்ளே வந்ததும் ஈரப்பதம் ஏறி, வானமே நம்மை நோக்கிக் கூடுதலாக உமிழத் தொடங்கும். ஸ்டான்ஃபோர்டு சோதனை தெளிவான குளிர்கால வானத்தின் கீழ் நடந்தது. சதுர மீட்டருக்கு 40 வாட் குளிர்விப்பு என்ற அதன் எண்ணை அப்படியே மயிலாப்பூர் மாடிக்கு எடுத்துவந்து விளம்பரம் செய்வது நியாயமல்ல. கதிர்கள் ஓர் ஊடகத்துக்குள் உறிஞ்சப்பட்டும் மறுபடி உமிழப்பட்டும் கடந்துபோகும் கணக்கை ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர், மெரினாவுக்கு எதிரே மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் விண்மீன்களின் வளிமண்டலத்துக்குப் போட்ட கணக்கின் சாரம் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் பொருந்தும்.

சுவர்களின் நிலை வேறு. தியாகராய நகரின் நெருக்கமான தெருவில் ஒரு சுவர் பார்ப்பது பெரும்பாலும் எதிர்க் கட்டடத்தையும் கீழே சூடேறிய தார்ச்சாலையையும்தான். வானம் அதற்குச் சிறிதளவே தெரிகிறது. அந்தச் சுவரின் உமிழ்திறன் அதிகமாக இருந்தால் நண்பகலில் சாலையின் கதிர்களையும் அது வாங்கிக்கொள்ளும். பகலில் குறைந்த உமிழ்திறனும், சாலை ஆறிய பின்னிரவில் அதிக உமிழ்திறனும் கொண்ட சுவர் நமக்கு உண்மையில் பயன்படும். கட்டளைக்கு மாறும் பரப்புக்கு இந்த நகரத்தில் இடம் இருக்கிறது என்றால் அது சுவரிலும் சன்னலிலும்தான்.

மிக அவசரமான தேவையோ பூமியில் இல்லை. காற்றில்லாத விண்வெளியில் ஒரு செயற்கைக்கோள் தன் சூட்டை இழக்கக் கதிர்வீச்சைத் தவிர வேறு வழி கிடையாது. வெள்ளி பூசிய மெல்லிய கண்ணாடித் தகடுகளைப் பக்கவாட்டில் ஒட்டி, அவற்றின் வழியாகச் சூட்டை வெளியேற்றுகிறார்கள். பூமியின் நிழலுக்குள் போகும்போதும் அந்தத் தகடுகள் உமிழ்வதை நிறுத்துவதில்லை. ஆகவே மின்கலத்திலிருந்து ஹீட்டரை இயக்கி இழப்பை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 கலம், பதினான்கு நாள் நீளும் நிலவின் இரவுக்குப் பின் கண்விழிக்கவில்லை. அது அந்த இரவுக்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. ஆனால் இனிப் போகும் கலங்கள் இரவைத் தாண்ட வேண்டுமானால், பகலில் தாராளமாக உமிழ்ந்து, இரவில் உமிழ்வை இறுக மூடிக்கொள்ளும் பரப்பு அவற்றுக்கு வேண்டும். எடையோ அசையும் பாகமோ இல்லாமல், ஒரு மெல்லிய படலமே அதைச் செய்யும் என்பது இந்த ஆய்வுகளின் மிகப் பெரிய வாக்குறுதி.

நம் ஊருக்கு வர வேண்டுமானால் இந்தப் படலங்கள் முதலில் உப்புக்காற்றைத் தாங்க வேண்டும். வனேடியம் டைஆக்சைடு காற்றில் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு ஆக்சைடாக மாறினால் அதன் நிலைமாற்றமே போய்விடும். அயனித் திரவங்கள் பலவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் என்ற ஊரில், கடற்காற்றில் உலோகங்களையும் பூச்சுகளையும் வைத்து அரிமானத்தை ஆராய்ந்துவருகிறது. அங்கே வைக்கப்படும் மாதிரிகளுக்கு இடையே இந்தப் படலங்களும் இடம்பெற வேண்டும்; இரண்டு பருவமழைகளுக்குப் பின் அவற்றை எடுத்து, அதிகமாக உமிழும் நிலையிலும் குறைவாக உமிழும் நிலையிலும் உமிழ்திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து வெளியிட வேண்டும். அந்த இரண்டு எண்கள் கிடைத்தால், சென்னைச் சுவருக்கு இது வேண்டுமா என்பதை விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுவிடலாம்.